பாவு அங்கிருந்து, ஊடை இங்கிருந்து

முரளி,

ரயிலில் படித்துக்கொள்ளலாம் என்று இதைப் பைக்குள் செருகிவிடாதே. கிளம்பும் முன்பே படி. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு தாய் மகனுக்குக் கடிதம் எழுதுவது கேலிக்கூத்துதான், எனக்கும் தெரிகிறது. வேறு என்ன செய்ய? நான் வாயைத் திறந்தால் நீ செருப்பை மாட்டுகிறாய். சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்குமாக நடக்கிறாய். இந்த நேரத்தில் பட்டறையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு எழுத உட்கார நேரமே இருந்திருக்காது. பட்டப்பகலில் பொம்மனஹள்ளி முழுக்க ஓசூர் ரோட்டு பஸ் சத்தம்தான் கேட்கிறது. நம் பட்டறையிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

நாளைக்கு நீ விசைத்தறிச் சங்கத்தின் செயலாளராக டில்லிக்குப் போகிறாய். சீனப் பட்டு நூல் மேல் போட்ட வரியை எடுக்கச் சொல்லப் போகிறாய். அதிகாரிகள் நடத்தும் அதே வரி விசாரணைக்கு, அந்த வரியை இன்னும் ஏற்றச் சொல்லி, ராமநகரத்தில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுப்பவர்களும் போகிறார்கள். அவர்கள் பக்கம் பேசப் போகிறவன் நசீர். கரீம் பாயின் மகன். நம் வீட்டில் தங்கி டிப்ளமோ படித்தவன், உன் சட்டைகளைத் தன் சட்டைகளைப்போல் போட்டுக்கொண்டு திரிந்தவன். நீங்கள் இரண்டு பேரும் அங்கே எதிரெதிரே நிற்கக் கூடாது, ஒரே மனுவோடு நிற்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது. ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். நடுவில் நீ குறுக்கே பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நமக்கு நூல் கரீம் பாய் வீட்டிலிருந்துதான் வந்தது. உன் அப்பா ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்து இரண்டு தறி போட்டபோது, சிக்பேட்டையில் ஒரு வியாபாரியும் நம்பிச் சரக்குத் தரவில்லை. கரீம் பாய் தந்தார். அன்றைக்கு அவர் வாய்விட்டு எந்த ஒப்பந்தமும் பேசவில்லை. அந்த வருஷம் அவர் தங்கையின் நிக்காவுக்கு, அவர்கள் அடுப்பில் எடுத்த நூலை அனுப்பி, "அண்ணா, புடவை உங்க தறியில வரட்டும்" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து அந்த வீட்டுப் பெண்களின் கல்யாணப் புடவை எல்லாம் நம் தறியில்தான் விழுந்தது. நூல் அவர்களுடையது, நெசவு நம்முடையது, கூலி வாங்கக் கூடாது. யாரும் எழுதி வைக்காத இந்த வழக்கத்தை இரண்டு வீட்டிலும் ஒருவரும் தவறவிட்டதில்லை. இந்த வருஷம்வரை.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஜன்னலில் தலை நீட்டினாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன், நினைவிருக்கிறதா? அந்த மாதம் இரண்டு பக்கத்து மேடைகளிலும் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பேசியவர்கள் ஒருவரும் நம் தெருப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தெருவுக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். பட்டறைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்தை உன் அப்பா தானே சுரண்டினார். தறிக்காரர்களில் பாதிப் பேர் சேலம், தர்மபுரி என்று ஊருக்கு ஓடிவிட்டார்கள். நூல் வண்டி வரவில்லை. பக்கத்து வீட்டுப் போனில் கரீம் பாய் கூப்பிட்டார். "அக்கா, டிரைவருக்கு பயம், வண்டி வராது. உங்கள்து நூல் தனியா எடுத்து வெச்சிருக்கேன். வேற ஆளுக்கு குடுக்கமாட்டேன், குதா கசம்" என்று சத்தியம் செய்தார். அப்போது நூலுக்கு நல்ல கிராக்கி. நினைத்திருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் விற்றிருக்கலாம். தெரு அடங்கிய பிறகு அந்த மூட்டை முனை பிரிக்காமல் வந்தது. அதனால்தான் அந்தப் பொங்கலுக்கு நம் பட்டறை ஓடியது. பக்கத்துப் பட்டறைக்காரர் தறியை விற்றுவிட்டுப் போனார்.

பிறகு காலம் மாறியது. வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவு திறந்தார்கள். சீன நூல் வந்தது. நல்ல நூல் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முடிச்சு இல்லை, பிசிறு இல்லை, விசைத்தறியின் வேகத்துக்கு அறாமல் ஓடியது, விலையும் இறங்கியிருந்தது. நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்கு அதைப் போட்டால், பாவு பிடிக்கும் பெண்கள் அறுந்த இழையை முடிந்து முடிந்து விரல் தேய வேண்டியதில்லை. குறுக்கே ஓடும் ஊடைக்கு ராமநகரத்து நூல்தான். அதன் கொஞ்சம் பருமனான உடம்புதான் துணிக்குக் கனம் கொடுக்கும். பாவு அங்கிருந்து, ஊடை இங்கிருந்து என்று பெங்களூரில் பாதிப் பட்டறைகள் ஓடின.

பாவு நூல் வியாபாரம் தன் கையை விட்டுப் போவதைக் கரீம் பாயிடம் யார் சொல்வது? போனில் சொல்லிவிடலாம் என்றேன் நான். உன் அப்பா கேட்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி ராமநகரத்துக்குப் போனார். உன்னையும் கூட்டிப் போனார். கொதிக்கிற தொட்டியில் கூட்டை எடுக்கிறேன் என்று நீ விரலைச் சுட்டுக்கொண்டதும் நசீர் சிரித்ததும் உனக்கு நினைவிருக்கும். அப்பா பேசியது நினைவிருக்காது. வந்து என்னிடம் சொன்னார். "பாய், பாவுக்கு இனிமே சீன நூல் போடப் போறேன். இல்லன்னா என்னால ஓட்ட முடியாது. ஊடைக்கு நான் இருக்கிற வரைக்கும் உன் நூல்தான்." பாய், "நேர்ல வந்து சொன்னியே அண்ணா" என்றாராம். மற்ற பட்டறைக்காரர்கள் எல்லாரும் சொல்லாமல் கொள்ளாமல் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். மனுஷனை அதுதான் அதிகம் அறுத்திருக்கிறது.

அப்புறம் டில்லிக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அணுகுண்டு வெடித்துப் பார்த்த வருஷம். சீனாக்காரர்கள் நம்மைத் திட்ட, நாம் அவர்களைத் திட்ட, சீனா எதிரி என்று மேடைக்கு மேடை முழக்கம். எதிரியா நண்பனா என்று எனக்கு என்ன தெரியும், நான் பாவு பிடிக்கிறவள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த வாரமே சிக்பேட்டை இறக்குமதிக்காரர்கள் நூலைப் பதுக்கினார்கள். வரி ஒரு பைசா ஏறவில்லை, எந்தக் கப்பலும் நிற்கவில்லை, வெறும் பேச்சுக்கே விலை எகிறியது. வெளிநாட்டுக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்த ஏஜென்டும் அந்த வருஷம் கையை விரித்தார். "அவங்க ஊர்ல நம்ம மேல கோபமா இருக்காங்க, இப்ப ஆர்டர் தரமாட்டாங்க" என்றார். யாரோ யாரிடமோ மார் தட்டியதற்குப் பொம்மனஹள்ளியில் நம் தறி நின்றது. உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வாய்க் கொழுப்பு சீலையில வழியுதுன்னு சொல்வாங்களே, இவங்க கொழுப்பு நம்ம சீலையில வழியுது" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்ட கடைசி நாட்கள் அவை.

அவர் போன பிறகுதான் வரி வந்தது. ராமநகரத்துக்காரர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, முரளி. அடிமாட்டு விலைக்குச் சீன நூல் கொட்டினால் அவர்கள் அடுப்பு எரியாது, கூடு விற்கும் விவசாயியும் நடுத்தெருவில் நிற்பான். ஆனால் கணக்கு ஓர் இடத்தில் தப்பிப்போனது. சீன நூல் விலை ஏறினால் நாம் எல்லாரும் ஓடிவந்து தங்கள் நூலையே பாவுக்கும் வாங்குவோம் என்று நினைத்தார்கள். வரி வந்த அன்று பட்டாசு வெடித்தார்களாம். நம் தறிக்கு ராமநகரத்து நூல் பாவாக ஓடவில்லை, அறுந்தது. சீன நூலை அந்த விலைக்கு வாங்கிப் புடவை போட்டால் வாங்க ஆள் இல்லை. பாவு இல்லாத தறியில் ஊடைக்கு என்ன வேலை? சீன நூலைத் தடுத்ததும் அவர்கள் நூலும் சேர்ந்து நின்றது. நூல் எடுப்பவர்களுக்குத் தறி தெரியவில்லை. நமக்கு அவர்கள் அடுப்பு தெரியவில்லை. உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு பொழுதில் தெரிந்திருக்கும்.

உட்கார்ந்து பேசத்தான் கரீம் பாய் வந்தார். விற்காத நூல் மூட்டையோடு நம் பட்டறை வாசலில் வந்து நின்றார். நீ உட்காரச் சொன்னாய், டீ வாங்கிக் கொடுத்தாய், அதில் குறை இல்லை. அவர் கேட்டது என்ன? "பேட்டா, வரி போடச் சொன்னது நாங்கதான். ஆனா இப்பிடி ஆகும்னு தெரியல. மட்டமான சீன நூலுக்கு வரி இருக்கட்டும், உங்க பாவு நூலுக்கு வேணாம்னு சேர்ந்து எழுதுவோமா?" அதைவிட நல்ல யோசனை டில்லியில் யாருக்கும் தோன்றியிருக்காது. நீ, "சங்கத்துல கேக்கணும் பாய்" என்றாய். சரி, கேட்டிருக்கலாம். கேட்டாயா?

கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்தாய். "ராமநகரத்து நூலு பட்டம் விடத்தான் லாயக்கு, புடவைக்கு ஆகாது!" கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. பாவு பிடிக்கும் பெண்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்துவிட்டேன். உன் நாக்கு எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். மறுநாள் கன்னடப் பேப்பரில் அது கொட்டை எழுத்தில் வந்தது. பட்டுக்கூடு மார்க்கெட் வாசலில் நின்று அதை ஒருவன் சத்தமாகப் படிக்க, கூலிக்காரர்கள் நடுவில் கரீம் பாய் கேட்டுக்கொண்டிருந்தாராம். நசீருக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்? அவனும் ஒரு மைக் பிடித்தான். "தமிழ்நாட்டுல போய் தறி போடச் சொல்லுங்க" என்றான். நீ பிறந்தது இதே பெங்களூர் வாணிவிலாஸ் ஆஸ்பத்திரியில். கன்னடத்தில் உன்னைவிட அவனுக்கு இரண்டு மார்க்குக் குறைவு. நூலில் ஆரம்பித்தது எங்கே போய் முட்டியது, பார்த்தாயா? அதற்குப் பிறகு நம் சங்கத்துப் பட்டறைகளுக்கு நூல் தரக் கூடாது என்று அவர்களும், ராமநகரத்து நூல் வண்டியை உள்ளே விடக் கூடாது என்று நீங்களும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடி யார் என்பது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

போன ஞாயிறு ஷபானாவுக்கு நிக்கா. கரீம் பாயின் கடைக்குட்டி. பத்திரிகை தபாலில் வந்தது, அதைக்கூட நீ பிரிக்கவில்லை. புடவைக்கு நூல் வரும் வரும் என்று நான் கடைசிவரை பார்த்தேன். வரவில்லை. நீ போகக் கூடாது என்றாய். நான் போனேன். உன்னிடம் லிங்கராஜபுரத்தில் ஒரு துக்கத்துக்குப் போவதாகச் சொன்னேன்.

மண்டப வாசலில் கரீம் பாய் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். "வாங்க மேடம், கூத்கொள்ளி. ஊட்டா ஆயித்தா மேடம்?" என்றார். உட்காருங்கள், சாப்பாடு ஆயிற்றா என்று, கரண்ட் ஆபீஸ் அதிகாரியைக் கேட்பதுபோல, கன்னடத்தில். இத்தனை வருஷமும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டவர். உன் அப்பா இறந்த அன்று வாசலில் விழுந்து அழுதவர். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். உன் பையன் இப்படிப் பேசலாமா என்று என்னைக் கேட்டிருக்கலாம். மரியாதை கொடுத்தார், முரளி. நான் எங்கே உட்கார்ந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

பெண்ணைப் பார்க்க உள்ளே போனேன். சிவப்புப் புடவை, உடம்பெல்லாம் கல் வேலை. ஷபானா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், அவளுக்கு இந்தச் சண்டை ஒன்றும் ஏறவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். துணி வழுக்கியது. ஊடையில் கனம் இல்லை. முந்தானையைத் திருப்பிக் கரையைப் பார்த்தேன். நம் ஊர்த் தறி எதிலும் விழாத கரை.

"எங்கடி எடுத்தீங்க?"

"சிக்பேட்டையில ஆன்ட்டி. ஃபுல்லா சீனாத் துணி, கல்லு வேலை மட்டும் இங்க. நல்லா இருக்கா?" என்றாள்.

நல்லா இருக்கு என்றேன். கல்யாணப் பெண்ணிடம் வேறு என்ன சொல்ல?

புரிகிறதா? நீங்கள் இரண்டு பேரும் நூலுக்கு வரி, நூலுக்கு வரி என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். சீனாக்காரன் நூலை விட்டுவிட்டு நெய்த துணியாகவே அனுப்ப ஆரம்பித்துவிட்டான். நூல் மேல் வரி, துணி மேல் அந்த வரி இல்லை. ராமநகரத்தில் நூல் எடுப்பவரின் மகள் கல்யாணத்தில் ராமநகரத்து நூல் இல்லை, நம் நெசவும் இல்லை. பாவும் அங்கிருந்து, ஊடையும் அங்கிருந்து. இதை நீ டில்லியில் சொல்லப் போகிறாயா? நசீர் சொல்லப் போகிறானா? தன் வீட்டுப் பெண் புடவையை அவனால் எப்படிச் சொல்ல முடியும்? நீ சொன்னால் பார் பார் உங்கள் லட்சணம் என்று குத்திக்காட்டத்தான் சொல்வாய், உன்னை எனக்குத் தெரியாதா? சேர்ந்து நின்றால்தான் இதைச் சொல்லவே முடியும். நூல் எடுப்பவனும் நெய்கிறவனும் ஒன்றாக வந்து, "எங்கள் இரண்டு பேர் வயிற்றிலும் அடி விழுகிறது" என்றால் அந்த அதிகாரிகள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். தனித்தனியாக வந்தால் ஒருவனைக் காட்டி இன்னொருவனை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

நாடுகளும் இப்படித்தான் கெடுகின்றன என்று நினைக்கிறேன், பெரிய பேச்சாக இருந்தால் மன்னித்துக்கொள். வரி போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குக் கதவு வேண்டும், தாழ்ப்பாளும் வேண்டும். ஆனால் யாரோடு சேர்ந்தால் நம் தறி ஓடுமோ அவனை மேடையில் ஏறி அவமானப்படுத்திவிட்டு, அப்புறம் எத்தனை வரி போட்டாலும் எடுத்தாலும் என்ன ஆகும்? வரியை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். கரீம் பாய் வாயிலிருந்து வந்த அந்த மேடத்தை யார் மாற்றுவது?

விசாரித்துவிட்டேன். நசீரும் நாளைக்கு அதே ரயிலில்தான் போகிறான். அவன் வேறு பெட்டி. டில்லி போய்ச் சேர இரண்டு ராத்திரி ஆகும். ரயிலில் சங்கம் இல்லை, மைக் இல்லை, கைத்தட்ட ஆள் இல்லை. எழுந்து அவன் பெட்டிக்கு நடந்து போ. அவன் முகத்தைத் திருப்புவான், திருப்பட்டும். அவன் கூட வந்தவர்கள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். பட்டம் விடத்தான் லாயக்கு என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேள். உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். அவன் அப்பா சொன்ன யோசனையை அவனுக்குச் சொல். ஒருவேளை அவர் வீட்டில் சொல்லவே இல்லையோ என்னவோ. அந்தக் கிழவர் அவமானத்தோடு அதையும் விழுங்கியிருப்பார்.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்று எழுத வந்தது. தாய் மகனைக் கும்பிடக் கூடாது, ஆயுசு குறையும் என்பார்கள், அதனால் எழுதவில்லை. வேறு வழி தெரியாமல் மிரட்டுகிறேன். பழைய இரும்புக்காரன் நேற்று வந்து தறிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். எடைக்கு எடுத்துக்கொள்கிறானாம். உங்கள் பையன் டில்லியிலிருந்து வரட்டும் என்றான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ தனியாகப் போய்த் தனியாக வந்தால், வரியை எடுத்தே விட்டார்கள் என்று மாலையோடு வந்தாலும், அவனைக் கூப்பிட்டுவிடுவேன். பாவு மட்டும் வைத்துக்கொண்டு தறி ஓட்டத் தெரியாது எனக்கு.

புளிசாதம் இரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு வேண்டுமே என்று கட்டியதில்லை, இரண்டு பேருக்குக் கட்டியது. அவன் வாங்கமாட்டேன் என்றால் அவன் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார். நீ அவன் பெட்டிக்கே போகாமல், இரண்டாவது பொட்டலம் உன் இருக்கைக்குக் கீழே கிடந்து ஊசிப்போனால், அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடு. வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லாதே.

அம்மா